நூறு மீட்டருக்குள் சட்டம்: வாக்குச்சாவடி வாசலில் பிரசாரத் தடையின் எல்லைகள்

வாக்களிக்க வருபவரிடம் கடைசியாக ஒருமுறை வாக்குக் கேட்பதை எந்த இடத்தில் நிறுத்த வேண்டும்? மக்களாட்சி நாடுகள் ஒன்றரை நூற்றாண்டாக இந்தக் கேள்விக்கு விடை சொல்லிவருகின்றன. விடைகள் ஒத்துப்போகவில்லை. ஆஸ்திரேலியக் கூட்டாட்சித் தேர்தல் சட்டம் வாக்குச்சாவடி நுழைவாயிலிலிருந்து 6 மீட்டர் என்கிறது. இந்தியாவில் 100 மீட்டர், சிங்கப்பூரில் 200 மீட்டர். அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் மாறும்: டென்னசியில் 100 அடி, லூசியானாவில் 600 அடி. பிரிட்டன் இப்படி ஒரு தூரத்தைச் சட்டத்தில் வரையறுக்கவே இல்லை.

விவாதம் பெரும்பாலும் இந்த எண்களைச் சுற்றியே நடக்கிறது. ஆனால் 6 மீட்டரா 200 மீட்டரா என்பதைவிட, அந்தக் கோட்டை யார் காக்கிறார், மீறலை எப்படி அடையாளம் காண்கிறார், கண்ட பிறகு அவரால் என்ன செய்ய முடியும் என்பவை கடினமான கேள்விகள். விதியின் வலிமையையும் வலுவின்மையையும் அவையே தீர்மானிக்கின்றன என்பது இக்கட்டுரையின் நிலைப்பாடு.

ரகசிய வாக்கோடு வந்த கோடு

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் பிரிட்டனில் வாக்காளர் மேடையேறித் தன் தேர்வை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பண்ணையாரும் முதலாளியும் கீழே நின்று கேட்டுக்கொண்டிருப்பார்கள். அமெரிக்காவில் கட்சிகளே அச்சிட்ட வண்ணச் சீட்டுகளை வாசலில் கொடுத்து, அவை பெட்டிக்குள் விழும்வரை கண்காணித்தார்கள். ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவும் தெற்கு ஆஸ்திரேலியாவும் 1856-இல் அரசு அச்சிட்ட ரகசிய வாக்குச்சீட்டைக் கொண்டுவந்தன. பிரிட்டன் 1872-இல் பின்பற்றியது. அமெரிக்க மாநிலங்கள் 1888 முதல் அதே வழிக்கு வந்தன.

வாக்கை மறைத்தால் மட்டும் போதாது, வாக்காளர் உள்ளே செல்லும் பாதையும் நெருக்கடியின்றி இருக்க வேண்டும் என்ற எண்ணம் இந்தச் சீர்திருத்தத்துடன் சேர்ந்தே வளர்ந்தது. வாசலைச் சுற்றிய தடைப்பகுதி ஒழுங்குக்காகப் பின்னர் சேர்த்த நிர்வாக ஏற்பாடு என்று சிலர் கருதுவதுண்டு. வரலாறு அதற்கு அவ்வளவாக இடம் தரவில்லை. ரகசிய வாக்கின் வெளிச்சுவர் என்றே அதைக் கொள்ளத் தோன்றுகிறது.

இந்தியாவில் இதற்கு இன்னொரு கனமும் உண்டு. 1951-52 பொதுத்தேர்தலில் வேட்பாளருக்கு ஒரு பெட்டி, பெட்டியின்மேல் சின்னம். எழுத்தறியாத கோடிக்கணக்கானோர் சின்னத்தைப் பார்த்தே வாக்களித்தார்கள். இன்றும் இயந்திரத்தில் பெயரோடு சின்னம் இருக்கிறது. ஆகவே வரிசையில் நிற்பவரின் கண்ணில் படும் சின்னமும், சில நிமிடங்களில் அவர் விரல் வைக்கப்போகும் சின்னமும் ஒன்றே. சின்னம் இல்லாத வாக்குச்சீட்டைப் பயன்படுத்தும் நாடுகளின் வாதங்களை அப்படியே இங்கே பொருத்த முடியாததற்கு இது முக்கியக் காரணம்.

மிரட்டலை நிறுவ வேண்டுமா, கோடு போட்டால் போதுமா?

முதல் கருத்துவேறுபாடு இங்கே பிறக்கிறது. மிரட்டலும் லஞ்சமும் ஏற்கெனவே குற்றங்கள்தான். அவற்றைத் தண்டித்தால் போதாதா? அமைதியாகத் துண்டறிக்கை நீட்டுபவரை ஏன் விரட்ட வேண்டும்?

அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1992-இல் பர்சன் எதிர் ஃப்ரீமன் வழக்கில் இதை எதிர்கொண்டது. டென்னசியின் 100 அடித் தடையை 5-க்கு 3 என்ற கணக்கில் ஏற்றது. நீதிபதி பிளாக்மன் எழுதிய கருத்தில் ஒரு கூர்மையான வாதம் இருக்கிறது. காவலர்கள் வாசலில் நின்றால் அதுவே வாக்காளரை அச்சுறுத்தலாம் என்று அவர்களைப் பொதுவாகத் தள்ளிவைக்கிறார்கள். காவலர் இல்லாத இடத்தில் நுட்பமான மிரட்டலை யார் பார்ப்பது? பார்க்க ஆளில்லாத குற்றத்தை நிறுவும்படி கேட்பதைவிட, ஒரு சிறு பரப்பைச் சுத்தமாக ஒதுக்குவதே நடைமுறைக்கு ஏற்றது என்றார் அவர். மாறுபட்ட தீர்ப்பு எழுதிய நீதிபதி ஸ்டீவன்ஸ், நெடுங்காலமாக இருக்கிறது என்பதால் ஒரு தடை தேவையாகிவிடாது என்றார். அவர் சொன்ன இன்னொன்றும் கவனத்துக்குரியது. பணமில்லாத சிறு வேட்பாளருக்குக் கடைசி நேரத்தில் வாசலில் நின்று பேசுவதே மலிவான வழி. தடை அவரையே அதிகம் பாதிக்கும்.

தூரக் கோடு இல்லாத இடத்தில் என்ன ஆகும் என்பதற்கு லண்டனின் டவர் ஹாம்லெட்ஸ் சான்று. 2014 மேயர் தேர்தலில் வாக்குச்சாவடி வாசல்களில் ஆதரவாளர் கூட்டம் வாக்காளரை நெருக்கியதாகப் புகார்கள் எழுந்தன. தேர்தல் நீதிமன்றம் 2015-இல் அந்தத் தேர்தலை வேறு பல முறைகேடுகளுக்காக ரத்து செய்தது. வாசல் நெருக்கடியோ, சட்டம் கேட்கும் அளவுக்கு மிரட்டலாக நிறுவப்படவில்லை. பிளாக்மன் அஞ்சியது ஏறத்தாழ இதுவே.

வாசலில் நடக்கும் பேச்சு உண்மையில் எத்தனை வாக்குகளை மாற்றுகிறது? நேரடியாக அளப்பது கடினம். சுற்றுப்புறம் தேர்வைத் தொடவே தொடாது என்றும் சொல்லிவிட முடியாது. அமெரிக்காவின் அரிசோனாவில் 2000-ஆம் ஆண்டு நடந்த வாக்கெடுப்பை ஆராய்ந்து பெர்கர், மெரெடித், வீலர் ஆகியோர் 2008-இல் வெளியிட்ட ஆய்வு, பள்ளிக்கூடங்களில் வாக்களித்தோரிடையே பள்ளிக்கு நிதி தரும் முன்மொழிவுக்கு ஆதரவு சற்றுக் கூடியிருந்ததைக் காட்டியது. விளைவு சிறியது; ஆனால் கணக்கில் தெரியும் அளவு. கட்டடமே இவ்வளவு செய்யுமானால் சின்னமும் முகமும் எதுவுமே செய்யாது என்று வாதிடுவது கடினம்.

எது பிரசாரம்?

இந்திய மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 1951-இன் 130-ஆம் பிரிவு, வாக்குப்பதிவு நாளில் 100 மீட்டருக்குள் வாக்குச் சேகரிப்பது, வாக்களிக்க வேண்டாம் என்று தூண்டுவது, தேர்தல் தொடர்பான அறிவிப்பையோ அடையாளத்தையோ காட்டுவது ஆகியவற்றைத் தடுக்கிறது. பொது இடம், தனியார் இடம் இரண்டும் அடங்கும். பள்ளிக்கு எதிர்வீட்டுத் திண்ணையும் தப்பாது.

எழுத்தில் தெளிவு, தெருவில் குழப்பம். கட்சிக்கரை வேட்டி ‘அடையாளம்’ ஆகுமா? தமிழ்நாட்டில் வேட்டியின் கரையைப் பார்த்தே கட்சியைச் சொல்லிவிடலாம். 2021 ஏப்ரல் 6 அன்று உதயநிதி ஸ்டாலின் கட்சிக்கொடி பொறித்த சட்டையோடு வாக்களித்ததாக அ.தி.மு.க. புகார் செய்தது. அதே நாளில் நடிகர் விஜய் நீலாங்கரையில் சைக்கிளில் வந்து வாக்களித்தார். சைக்கிளின் நிறம், பெட்ரோல் விலை என்று ஊர் முழுக்கப் பொருள் தேடியது. வாக்குச்சாவடி வீட்டருகில் இருந்ததே காரணம் என்று அவர் தரப்பு கூறியது. சொல்லாத சொல்லை எந்த அலுவலர் அளப்பார்?

கைச் சின்னம், துடைப்பம், யானை போன்றவை அன்றாட வாழ்வின் பகுதிகள். 2012 ஜனவரியில் உத்தரப் பிரதேசத் தேர்தலுக்கு முன் மாயாவதி சிலைகளையும் யானைச் சிலைகளையும் துணியால் மூடத் தேர்தல் ஆணையம் உத்தரவிட்டது. அது நடத்தை விதிமுறையின் கீழ் வந்த ஆணை. 130-ஆம் பிரிவு சார்ந்ததன்று. ஆயினும் அடையாளத்தை ஒழிக்கப் புறப்பட்டால் எங்கே நிறுத்துவது என்ற சிக்கலை அது நன்றாகக் காட்டுகிறது.

இச்சிக்கலை முழுமையாக அலசிய தீர்ப்பு, அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2018-இல் மின்னசோட்டா வாக்காளர் கூட்டணி எதிர் மான்ஸ்கி வழக்கில் தந்தது. வாக்குச்சாவடிக்குள் ‘அரசியல்’ உடை கூடாது என்ற மின்னசோட்டா விதி 7-க்கு 2 என்ற கணக்கில் வீழ்ந்தது. வாக்குச்சாவடிக்குள் பிரசார உடையைத் தடுக்கவே கூடாது என்று நீதிமன்றம் சொல்லவில்லை. எதை அனுமதிப்பது, எதை மறுப்பது என்பதற்கு அங்குள்ள அலுவலர் கைக்கொள்ளத்தக்க அளவுகோல் வேண்டும் என்றது. அளவுகோல் இல்லையேல் அலுவலரின் சொந்த விருப்புவெறுப்பே சட்டமாகிவிடும்.

இந்தியாவுக்கு இந்த வாதம் முழுமையாகப் பொருந்தாது. இங்கே சின்னம் வாக்கு இயந்திரத்திலேயே இருப்பதால், தேர்தலில் நிற்கும் வேட்பாளரின் சின்னம், பெயர், படம் என்ற மூன்றையும் தெளிவான அளவுகோலாகக் கொள்ளலாம். அவை இல்லாத நிறமும் கரையும் விட்டுவிடத்தக்கவை. வாக்குச்சாவடி முகவர் தான் எந்த வேட்பாளரின் முகவர் என்பதைக் காட்டும் சிறு அட்டை அணிய ஆணையம் இடம் தருகிறது. சின்னம் அணிய இடமில்லை. பகுத்தறியத்தக்க இந்தக் கோட்டை எல்லோருக்கும் நீட்டினால் பாதித் தகராறு குறையும் என்று கருதலாம்.

250 ரூபாயும் ஆறு மாதமும்

அளவுகோல் தெளிவானாலும் அதைச் செயல்படுத்தும் கை வேண்டும். இந்திய ஏற்பாட்டின் பலவீனம் இங்கேதான் மிகுதி.

வாக்குச்சாவடித் தலைமை அலுவலர் பெரும்பாலும் பள்ளி ஆசிரியர் அல்லது அரசு ஊழியர். மாதிரி வாக்குப்பதிவு, இயந்திரம், பதிவேடு, முகவர்களின் ஆட்சேபணை என்று விடியுமுன்னே தொடங்கி இரவுவரை அறைக்குள் கட்டுண்டவர். ஒரு மணி நேரம் வெளியே போய் நூறாவது மீட்டரில் நிற்க அவரால் முடியாது. மண்டல அலுவலரும் பறக்கும் படையும் பல வாக்குச்சாவடிகளைச் சுற்றிவருபவர்கள். 2024-இல் தமிழ்நாட்டில் மட்டும் 68,000-க்கும் மேற்பட்ட வாக்குச்சாவடிகள். கோட்டருகே உண்மையில் நிற்பவர் ஒன்றிரண்டு காவலர்களே.

அவர்களிடம் இருக்கும் கருவி என்ன? 130-ஆம் பிரிவின்படி அதிகபட்சத் தண்டனை 250 ரூபாய் அபராதம். காவலர் வாரண்ட் இன்றிக் கைது செய்யத்தக்க குற்றம் என்று சட்டம் சொல்கிறது. எனினும் அபராதம் மட்டுமே விதிக்கத்தக்க குற்றத்தை நீதிமன்றம் விசாரணைக்கு எடுக்க ஆறு மாதமே காலவரம்பு. கூச்சல், ஒலிபெருக்கி என்றால் 131-ஆம் பிரிவு மூன்று மாதச் சிறைவரை போகிறது. அமைதியாக வாக்குக் கேட்பவருக்கு அது பொருந்தாது.

அடுத்த முடிச்சு அதிகம் பேசப்படுவதில்லை. சட்டத்தின் 28ஏ பிரிவின்படி தேர்தல் பணியிலுள்ள காவலர்கள் அறிவிக்கை நாள் முதல் முடிவு அறிவிக்கப்படும்வரை ஆணையத்தின் அயற்பணியில் இருப்பவர்களாகக் கருதப்படுகிறார்கள். முடிவு வந்ததும் மாநில அரசிடம் திரும்பிவிடுகிறார்கள். வழக்கைப் புலனாய்ந்து குற்றப்பத்திரிகை தர வேண்டிய மாதங்களில் அவர்களுடைய மேலதிகாரி, பல வேளைகளில், அந்தத் தேர்தலில் வென்ற கட்சியின் அரசு. மீறியவர் வென்ற தரப்பைச் சேர்ந்தவரானால் ஒரு தலைமைக் காவலர் எவ்வளவு ஊக்கத்தோடு வழக்கை நடத்துவார்?

தேர்தல் முடிவைத் தொட முடியுமா என்றால், அதுவும் எளிதன்று. 123-ஆம் பிரிவு பட்டியலிடும் ஊழல் நடவடிக்கைகளில் வாசல் பிரசாரம் தனியாக இல்லை. சட்ட மீறல் என்ற பொதுக் காரணத்தில் தேர்தல் மனு போட்டால், முடிவு கணிசமாகப் பாதிக்கப்பட்டதை நிறுவ வேண்டும். அந்தச் சுமை எவ்வளவு கனமானது என்பதை உச்ச நீதிமன்றம் 1954-இல் வசிஷ்ட நாராயண் சர்மா வழக்கிலேயே காட்டிவிட்டது. வாக்குப்பதிவு நாளிலேயே நீதிமன்றம் ஓடலாமா? நாமக்கல் தொகுதியிலிருந்து கிளம்பிய பொன்னுசாமி வழக்கில் 1952-இல் வந்த தீர்ப்பு, அரசியல் சாசனத்தின் 329(பி) பிரிவைக் கொண்டு அந்தக் கதவைச் சாத்தியது. தேர்தல் முடியும்வரை நீதிமன்றம் குறுக்கிடாது.

இதற்குத் தீர்வாக அபராதத்தைப் பல மடங்கு உயர்த்து, சிறைத் தண்டனை வை என்ற குரல் இயல்பாக எழுகிறது. எனக்கு அதில் நம்பிக்கை குறைவு. தண்டனை கூடக்கூடச் சான்றின் தேவையும் கூடும். யார்மீது வழக்கு என்ற தேர்வில் சாய்வும் கூடும். இந்தக் குற்றத்தின் தீங்கு அந்தச் சில மணி நேரத்துக்கு உரியது. பரிகாரமும் அப்போதே கிடைக்க வேண்டும். உடனே அப்புறப்படுத்துவது, பொருளைக் கைப்பற்றுவது, நேரத்தையும் காரணத்தையும் எழுதிவைப்பது, மீண்டும் வந்தால் மட்டும் வழக்கு என்ற வரிசை பயன்தரக்கூடும். உச்ச நீதிமன்றம் 1977-இல் மொகிந்தர் சிங் கில் வழக்கில் விரிவாக ஏற்ற, அரசியல் சாசனத்தின் 324-ஆம் பிரிவு தரும் அதிகாரம், சட்டம் மௌனமாக இருக்கும் இடங்களில் இத்தகைய நடைமுறையை வகுக்க ஆணையத்துக்கு இடம் தருவதாகத் தோன்றுகிறது. குடிமக்கள் படம் எடுத்து அனுப்பினால் 100 நிமிடத்துக்குள் நடவடிக்கை என்ற சி-விஜில் செயலி அந்தத் திசையில் வந்த நல்ல முயற்சி. ஆனால் வாக்குச்சாவடியருகே செல்பேசியைப் பயன்படுத்தத் தடை இருக்கிறது. மீறல் நடக்கும் இடத்தில் அதைப் படமெடுக்க வழியில்லை.

2025 மே மாதத்தில் ஆணையம் ஒரு மாற்றம் செய்தது. வேட்பாளர்கள் பூத் சிலிப் எழுதித்தரப் போடும் மேசைகள் அதுவரை 200 மீட்டருக்கு அப்பால் இருக்க வேண்டும்; இனி 100 மீட்டருக்கு அப்பால் இருந்தால் போதும். வாக்காளருக்கு நடை குறையும் என்பது உண்மை. எனினும் அந்த மேசையைச் சுற்றித்தான் கட்சிக்காரர்கள் கூடுவார்கள் என்பது தமிழ்நாட்டில் எல்லோரும் அறிந்தது. இரண்டு கோடுகளுக்கும் இடையில் இருந்த காலி இடம் போய்விட்டது. காவலரின் வேலை இதனால் கடினமாகும் என்றே கருத வேண்டியிருக்கிறது.

தூரத்தைக் கடந்த நேரம்

100 மீட்டர் இடத்தை அளக்கிறது. 126-ஆம் பிரிவு நேரத்தை அளக்கிறது. வாக்குப்பதிவு முடியும் நேரத்துக்கு முந்தைய 48 மணி நேரம் பொதுக்கூட்டமும் ஊர்வலமும் தொலைக்காட்சிப் பிரசாரமும் கூடாது. மீறினால் இரண்டு ஆண்டுவரை சிறை. வீடுவீடாகச் செல்வதை இது தடுக்கவில்லை. அச்சிதழ் விளம்பரமும் பிரிவில் இல்லை. 2015 பிகார் தேர்தல் முதல் ஆணையம் தன் அதிகாரத்தைக் கொண்டு கடைசி இரு நாள் விளம்பரங்களுக்கு முன்சான்று கேட்கிறது.

2014 ஏப்ரல் 30 அன்று அகமதாபாத்தில் வாக்களித்த நரேந்திர மோடி, தாமரைச் சின்னத்தைக் கையில் பிடித்துத் தற்படம் எடுத்துச் செய்தியாளரிடம் பேசினார். ஆணையம் அன்றே 126-ஆம் பிரிவின்கீழ் வழக்குப் பதியச் சொன்னது, பதிவும் ஆனது. பின்னர் காவல்துறை வழக்கை முடிக்க அறிக்கை தந்தது. தண்டனை எதுவும் இல்லை. 2024-இல் கடைசிக் கட்ட வாக்குப்பதிவுக்கு முன் பிரதமர் கன்னியாகுமரி விவேகானந்தர் பாறையில் மே 30 முதல் ஜூன் 1 வரை தியானம் செய்ததையும் எதிர்க்கட்சிகள் ஆட்சேபித்தன. கன்னியாகுமரி ஏப்ரல் 19 அன்றே வாக்களித்துவிட்டது. அவர் போட்டியிட்ட வாரணாசி ஜூன் 1-க்காகக் காத்திருந்தது. சட்டம் வாக்குப்பதிவுப் பகுதியைக் கணக்கில் கொள்கிறது. படக்காட்சிக்குப் பகுதி கிடையாது. 44 நாள், ஏழு கட்டம் என்று தேர்தல் நீளும்போது ஒரு தொகுதியின் மௌனம் இன்னொன்றின் மேடைக்குள் கரைந்துவிடுகிறது. ஆணையம் அமைத்த உமேஷ் சின்ஹா குழு 2019 ஜனவரியிலேயே 126-ஆம் பிரிவைப் பற்றி அறிக்கை தந்தது. அதே ஆண்டு சமூக ஊடக நிறுவனங்கள், 48 மணி நேர மீறல் புகார்களில் மூன்று மணி நேரத்துக்குள் நடவடிக்கை எடுப்பதாகத் தாமாக ஏற்றன. அது சட்டக் கடமை ஆகவில்லை.

அளவு மீறும் அமலாக்கம்

எதிர்த்திசை ஆபத்தும் சிறிதன்று. சிங்கப்பூர் 2010-இல் வாக்குப்பதிவுக்கு முந்தைய நாளை அமைதி நாளாக்கியது. 2016 புக்கிட் பாத்தோக் இடைத்தேர்தலுக்குப் பிறகு, அமைதி நாளில் இணையத்தில் எழுதியதற்காக இரண்டு செயற்பாட்டாளர்கள் விசாரிக்கப்பட்டார்கள். அவர்களுடைய மின்னணுக் கருவிகள் கைப்பற்றப்பட்டன. வேட்பாளர் அல்லாத ஒரு குடிமகனின் சொந்தக் கருத்து எப்போது பிரசாரமாகிறது என்ற கேள்வி அங்கே கூர்மையாயிற்று. அமெரிக்காவில் ஜார்ஜியா 2021-இல் வரிசையில் நிற்பவருக்குத் தண்ணீரும் உணவும் கொடுப்பதையே வாக்குச்சாவடிக் கட்டடத்திலிருந்து 150 அடிக்குள்ளும் வரிசையில் நிற்பவரிடமிருந்து 25 அடிக்குள்ளும் தடுத்தது. வரிசையோடு நகரும் இரண்டாவது தடையை 2023-இல் ஒரு மாவட்ட நீதிமன்றம் நிறுத்திவைத்தது. கோடைத் தேர்தலில் கட்சிகள் நீர்மோர்ப் பந்தல் போடும் தமிழ்நாட்டுக்கு இது அந்நியமான கேள்வியன்று.

இந்திய அரசியல் சாசனத்தின் 19(2) பிரிவு, பேச்சுரிமையைக் கட்டுப்படுத்தும் காரணங்களில் தேர்தல் தூய்மையைச் சேர்க்கவில்லை. 1954-இல் ஜமுனா பிரசாத் முக்கரியா வழக்கில், தேர்தலில் நிற்பது சட்டம் தந்த உரிமை, அதற்கு நிபந்தனை வைக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் சமாதானம் கண்டது. வேட்பாளருக்கு அது பொருந்தும். தேர்தலில் நிற்காத, வாசலில் தனியே நின்று பேசும் வாக்காளரை அந்த வாதம் எப்படிக் கட்டுப்படுத்தும்? இதற்கு நேரான விடை இன்னும் தேவைப்படுகிறது.

தீராதவை

இந்நிலைப்பாடுகளை எடைபோட்டால், குறுகிய பரப்பும் தெளிவான அளவுகோலும் கொண்ட தடைப்பகுதி நியாயமானது என்றே முடிவு செய்யத் தோன்றுகிறது. மிரட்டலைத் தனித்தனியே நிறுவச் சொல்லும் பிரிட்டிஷ் வழி, நிறுவ முடியாத மிரட்டலுக்கு இடம் விடுகிறது. அதே தடையைச் செல்பேசித் திரைக்கும் குடிமகனின் சட்டைக்கும் நீட்டுவதற்குப் போதிய காரணம் கிடைக்கவில்லை. நீட்டிய இடங்களில் பயன்பாடு ஒருபக்கமாகச் சாயும் அறிகுறிகளே தென்படுகின்றன.

சில கேள்விகள் எந்த நிலைப்பாட்டுக்குள்ளும் அடங்காமல் நிற்கின்றன. 2024 மக்களவைத் தேர்தலில் 85 வயது கடந்தோரும் 40 சதவீதமோ அதற்கு மேலோ மாற்றுத்திறன் உள்ளோரும் விரும்பினால் வீட்டிலிருந்தே வாக்களிக்க முடிந்தது. வாக்குச்சாவடியே வீட்டுக்கூடத்துக்கு வரும்போது 100 மீட்டரை எங்கிருந்து அளப்பது? அந்த வீட்டின் சுவரில் தொங்கும் தலைவர் படத்தை என்ன செய்வது? வாக்களிக்கும் நாள்கள் பலவாகப் பரவும்போது தடையும் பல நாள் நீளுமா? வென்ற கட்சியின் காவல்துறையே வழக்கை நடத்தும் ஏற்பாட்டை மாற்ற, 28ஏ பிரிவின் காலத்தை வழக்கு முடியும்வரை நீட்டலாமா?

இவற்றுக்கு விடை காண எண்கள் வேண்டும். 130-ஆம் பிரிவின்கீழ் ஒவ்வொரு தொகுதியிலும் எத்தனை வழக்குகள் பதிவாயின, எத்தனை ஆறு மாதக் காலவரம்புக்குள் நீதிமன்றம் சென்றன, எத்தனை தண்டனையில் முடிந்தன என்ற கணக்கை ஒவ்வொரு பொதுத்தேர்தலுக்குப் பிறகும் தொகுதிவாரியாகத் தேர்தல் ஆணையம் வெளியிட வேண்டும்.